கரண்ட் படிப்பு எடுக்கலாமா?



பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நமக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. கதையையும் தொடரையும் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சில வாரங்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறார்கள். கரமனை, வலியசாலை என்று திருவனந்தபுரம் நகருக்குள் இருந்தும் கடிதம் வருகிறது. எல்லை தாண்டி மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவிலில் இருந்தும் வருகிறது. இந்த முறை திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது போலிருக்கிறது. ட்ரிபிள் ஈ கிடைக்கும் என்கிறார்கள். சேர்க்கலாமா, ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமா?"

பெற்றோரின் கவலை புரிகிறது. தெருவில் ஒரு பையன் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலைக்குச் சேர்ந்து சீக்கிரமே கார் வாங்கிவிட்டான் என்றால், எந்தத் தாய் தகப்பனுக்கும் அந்த வழிதான் கண்ணில் படும். ஆனாலும் ட்ரிபிள் ஈ எனப்படும் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கை மிச்சம் மீதியாகக் கிடைக்கிற இடமாக எண்ணிக் கேட்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. சேர்த்துவிடுங்கள் என்பதே என் பதில். பிள்ளைக்குக் கணக்கில் பயமில்லை, ஒரு பொருளைக் கையால் பிரித்துப் பார்க்கும் ஆசையும் உண்டு என்றால், கம்ப்யூட்டர் கிடைக்கிற மார்க் இருந்தாலும் எலெக்ட்ரிக்கலை முதல் விருப்பமாக எழுதுங்கள் என்றுகூடச் சொல்வேன். காரணத்தைச் சொல்ல இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தம்பானூர் ரயில் நிலையத்தின் பின்பக்கம் இறங்கிச் சாலைக் கம்போளம் போகிறவர்கள் பவர் ஹவுஸ் ரோட்டைத் தாண்டித்தான் போகிறார்கள். சேது லட்சுமி பாயி ராணி ரீஜென்டாக ஆண்ட காலத்தில், 1929-ல், இந்த நகரத்துக்கு மின்விளக்கு வந்தது. அது ஒரு நகரத்துக்கு மட்டுமான ஏற்பாடு. திருவிதாங்கூர் நாடு முழுவதற்குமான மின்சாரம் 1940-ல் வந்தது. மூணாறு மலையில் முதிரப்புழை ஆற்றின் தண்ணீரைக் குழாய் வழியே இறக்கிப் பள்ளிவாசலில் சக்கரம் சுழற்றினார்கள். அந்த மின்சாரத்தை நம்பித்தான் ஆலுவா பக்கம் அலுமினியத் தொழிற்சாலை வந்தது. ஃபாக்ட் உரத் தொழிற்சாலையும் வந்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒரு ஆண்டுக் கணக்கை. பள்ளிவாசல் சக்கரம் சுழல்வதற்கு முந்தைய ஆண்டே, 1939-ல், திருவனந்தபுரத்தில் பொறியியல் கல்லூரி திறந்தாகிவிட்டது. அப்போது திவானாக இருந்த சர் சி. பி. ராமசாமி ஐயர்தான் புதிதாகப் பிறந்த திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்ற மூன்று பிரிவுகளோடு, இன்று பி.எம்.ஜி. என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் கல்லூரி தொடங்கியது. பின்னால்தான் ஸ்ரீகாரியம் பக்கம் குளத்தூருக்கு மாறியது. மின்சாரம் தயாரிக்கப் போகிற நாட்டுக்கு அதை நடத்தத் தெரிந்த ஆட்கள் வேண்டும், அவர்களை வெளியூரில் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நீங்களும் இதே நாட்டில் இருந்தவர்கள். அந்தக் கல்லூரி உங்கள் தாத்தாமாருக்கும் சொந்தக் கல்லூரிதான்.

அந்தக் கல்லூரியில் 1966-ல் எலெக்ட்ரிக்கல் அண்ட் கம்யூனிகேஷன் படித்து வெளியே வந்தவர் ஜி. மாதவன் நாயர். குலசேகரத்தில் பிறந்தவர். அடுத்த ஆண்டு தும்பாவில் வேலைக்குச் சேர்ந்தார். தென்னந்தோப்புக்கும் மாதா கோயிலுக்கும் நடுவிலிருந்து முதல் ராக்கெட் ஏறி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. 2003-ல் அவர் இஸ்ரோ தலைவரானார். 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான் புறப்பட்டபோது பொறுப்பில் இருந்தவர் அவரே. ராக்கெட் என்றால் பிள்ளைகள் நெருப்பையும் புகையையும் நினைக்கிறார்கள். அந்த நெருப்பின் திசையைத் திருப்புகிற மோட்டாரும், எந்த நொடியில் எது நடக்க வேண்டும் என்று சொல்கிற சுற்றுகளும், அவற்றுக்கு உயிர் கொடுக்கிற பேட்டரியும் மின் பொறியாளரின் வேலை. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் ராக்கெட்டுக்காக உருவாக்கிய லித்தியம் அயான் செல்லின் தொழில்நுட்பத்தை, மின்வண்டிகளுக்கு உதவட்டும் என்று 2018-ல் இந்தியத் தொழில் நிறுவனங்களுக்குக் கொடுக்க முன்வந்தது இஸ்ரோ.

பெண் பிள்ளைகளை எலெக்ட்ரிக்கலில் சேர்க்கலாமா என்றும் சிலர் தயங்கித் தயங்கி எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு ஏ. லலிதாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1919-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துபோனார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன வாழ்க்கை எழுதியிருக்கும் என்று நம் பாட்டிமாரைக் கேட்டால் தெரியும். அவருடைய தகப்பனார் பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். மகளுக்குப் படிக்க விருப்பம் இருப்பதைப் பார்த்து, கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். பெண்களே இல்லாத கல்லூரியில் லலிதாவுக்கு இடம் கிடைத்தது. பிறகு சிவில் பிரிவில் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள், பி. கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று. இரண்டு பேரும் மலையாளிகள். உலகப்போர் காரணமாகப் படிப்புக் காலத்தைச் சுருக்கியதால் மூவரும் 1943-ல் ஒன்றாகவே தேறினார்கள். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லையே அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் என்று இன்று லலிதாவைச் சொல்கிறோம். சிம்லாவில் அரசு வேலை பார்த்தார். கொஞ்ச காலம் தகப்பனாரின் ஆராய்ச்சிக்கு உதவினார். மின்சாரத்தில் இயங்கும் இசைக்கருவியும் புகையில்லாத அடுப்பும் அந்த ஆராய்ச்சியில் இருந்தன. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் சேர்ந்து மின் கடத்தும் லைன்களையும் சப்ஸ்டேஷன் அமைப்புகளையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின் வேலையிலும் அவர் பங்கு உண்டு. மகளைப் படிக்கவைத்து ஆளாக்கினார். 1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் கூடிய முதல் உலக மாநாட்டுக்குப் போய் வந்தார். அவரோடு தேறிய த்ரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, துணைக்கு யாருமே இல்லாத வகுப்பில், மடியில் குழந்தையோடு ஒரு பெண்ணால் எலெக்ட்ரிக்கல் படிக்க முடிந்தது. இன்றைக்குப் பூஜப்புரையில் பெண்களுக்கென்றே அரசு சார்ந்த பொறியியல் கல்லூரி இருக்கிறது. தயங்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

டெஸி தாமஸ் இன்னும் கிட்டத்துக் காலத்தவர். ஆலப்புழைப் பெண், தும்பாவிலிருந்து ராக்கெட் போவதைக் கேட்டு வளர்ந்தவர். மாதம் நூறு ரூபாய் கல்விக் கடன் வாங்கித் திருச்சூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படித்தார். அக்னி ஏவுகணைத் திட்டத்தின் இயக்குநர் ஆனார். ஓய்வுக்குப் பிறகு நம் தக்கலைக்குப் பக்கத்தில் குமாரகோவிலில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். அந்த வழியாகப் பஸ்ஸில் போகிற பெண் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.

பெரியவர்களின் பெயர்களைச் சொல்லி மயக்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தத் தொழிலின் அன்றாடம் எப்படிப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். அதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா ஊரடங்கின் நடுவில், இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். நாம் விளக்கேற்றினோம், மொட்டை மாடியில் நின்றோம், படம் எடுத்தோம். அதே நேரத்தில் நாடு முழுவதும் மின் கட்டுப்பாட்டு அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வாழ்நாளில் மறக்காத இரவு. கேரளத்துக்கு அந்த அறை களமசேரியில் இருக்கிறது.

விஷயம் இதுதான். மின்சாரத்தை இந்த அளவில் சேர்த்து வைக்க இடமில்லை. இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவையும் இந்த நொடியிலேயே தயாரிக்க வேண்டும். இந்தியா முழுவதிலும் உள்ள பெரிய ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. நொடிக்கு ஐம்பது சுற்று அலை. 50 ஹெர்ட்ஸ் என்பார்கள். சுசீந்திரம் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிற அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுப்பது போன்றது அது. பாரம் கூடினால் எல்லோருக்கும் நடை தளரும். பாரம் சட்டென்று குறைந்தால் எல்லோரும் முன்னால் போய் விழுவார்கள். செலவு கூடினால் ஐம்பது குறையும், செலவு குறைந்தால் ஐம்பது ஏறும். ஓரளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ இயந்திரங்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா அப்படித்தான் இருண்டது. இரண்டாம் நாள் அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதியில் கரண்ட் இல்லை. தென்னக கிரிட் அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் சேராமல் தனியாக இருந்ததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 முதல் நாமும் அந்த வடத்தைப் பிடித்திருக்கிறோம்.

எனவே ஒன்பது மணிக்கு எல்லோரும் விளக்கணைத்தால் என்ன ஆகும்? பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் மெகாவாட் குறையலாம் என்று முன்கூட்டிக் கணித்திருந்தார்கள். அதற்கேற்ப அனல்மின் நிலையங்களை முன்னதாகவே தணித்து, நீர்மின் நிலையங்களை முழு வேகத்தில் ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். நிலக்கரி அடுப்பைச் சட்டென்று குறைக்க முடியாது. தண்ணீரின் வாயிலைச் சில நிமிடங்களில் மூடலாம், திறக்கலாம். ஒன்பது அடித்தது. குறைந்தது கணித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், 31,000 மெகாவாட்டைத் தாண்டி. கேரளம் முழுவதும் கோடையின் உச்ச நேரத்தில் செலவழிப்பதைப் போல ஐந்து மடங்கு, சில நிமிடங்களில் காணாமல் போனது. நீர்மின் நிலையங்களை இறக்கி, ஒன்பது நிமிடம் முடிந்ததும் மறுபடி ஏற்றி, அவர்கள் அந்த ஐம்பதைப் பிடித்து வைத்தார்கள். அந்த நேரத்தில் அதிர்வெண் போன எல்லை 49.70 முதல் 50.26 வரை. நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எதுவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வென்டிலேட்டருக்கும் தெரியவில்லை.

நல்ல மின் பொறியாளரின் வேலை இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் முடிகிறது. நாம் அவர்களை நினைக்கிறதே கரண்ட் போகும்போதுதான், அதுவும் கோபத்தோடு. ஏப்ரல் 5 இரவு அந்த அறைகளில் இருந்தவர்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? பிள்ளைக்கு இப்படிப்பட்ட வேலையில் நிறைவு கிடைக்குமா என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும். பெயர் வரவேண்டும் என்ற பசி அதிகம் உள்ள பிள்ளைக்கு இது கொஞ்சம் வறட்சியான தொழிலாகத் தோன்றலாம். பிறர் நிம்மதியாகத் தூங்குவதில் சந்தோஷப்படுகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை.

இனி வரும் முப்பது ஆண்டுகளைப் பார்ப்போம். 2024 கோடையை நாம் யாரும் மறக்கவில்லை. கேரளத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. நூற்றுக்கணக்கான ட்ரான்ஸ்ஃபார்மர்கள் பழுதாயின. காரணத்தைக் கேட்டால் இந்தப் படிப்பின் சுவை தெரியும். தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்கு இறக்குகிறது. அந்த வேலையில் சூடாகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் அந்தச் சூட்டை வெளியேற்றுகிறது. சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை பாரம் ஏறும், அதன் பிறகு ஊர் தூங்கும், ராத்திரியில் அது ஆறும் என்ற பழைய வழக்கத்தைக் கணக்கில் வைத்து நிறுத்தியவை அவை. இப்போது ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிறது. சாப்பிட்டுவிட்டு மின் ஸ்கூட்டரையும் காரையும் சார்ஜில் போடுகிறோம். ஆறுவதற்கு நேரமே கிடைக்காத ட்ரான்ஸ்ஃபார்மரின் உள்ளே, சுருளைச் சுற்றிய காகிதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிந்து ஒருநாள் தோற்றுவிடுகிறது. மத்தியானத்தில் நேர்மாறான சிக்கல். கூரையெல்லாம் சோலார் தகடு. மின்சாரம் வீட்டிலிருந்து தெருவுக்கு வருகிறது. நூறு வருஷமாக ஒரே திசையில் ஓடப் பழகிய லைனை இரண்டு திசையிலும் ஓடச் செய்ய வேண்டும். மதிய வெயிலை ராத்திரி பதினோரு மணிக்குக் கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் செய்யப்போகிறவர்கள் இப்போது பிளஸ் டூ முடித்திருக்கிறார்கள். அவர்களைத்தான் நாம் வேறு பக்கம் துரத்திக்கொண்டிருக்கிறோம்.

நம்மைச் சுற்றியே பாருங்கள். தமிழ்நாட்டின் புகளூர் நிலையத்திலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் மின்சாரம் 2021 முதல் நேர்மின்சாரமாக வருகிறது, 320 கிலோவோல்ட்டில். கேரளத்து வீடும் தோட்டமும் நெருக்கமாக இருப்பதால் கடைசி 27 கிலோமீட்டர் தரைக்கடியில் கேபிளாக ஓடுகிறது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி மறுபடி திருப்புகிற அந்தக் கலைக்குப் பவர் எலெக்ட்ரானிக்ஸ் என்று பெயர். அதற்கான தேசிய ஆராய்ச்சித் திட்டத்தை 2004-லிருந்து முன்னின்று நடத்துவது, வெள்ளையம்பலத்தில் நாம் பஸ்ஸில் கடந்துபோகிற சி-டாக். அதே வெள்ளையம்பலத்தில்தான் கெல்ட்ரானின் தலைமை அலுவலகமும். 1973-ல் கே. பி. பி. நம்பியார் தொடங்கி வைத்தது அது. பின்னாளில் டெக்னோபார்க் பிறக்கவும் காரணமானவர் அவரே. கம்ப்யூட்டர் வேலை வேண்டும் என்று நாம் காட்டுகிற அந்த வளாகத்துக்கும் முன்னால் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஆள் நின்றிருக்கிறார்.

தெற்கே விழிஞ்ஞம். 1991-ல் சென்னை ஐஐடி பொறியாளர்கள் அங்கே மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி 150 கிலோவாட் அலைமின் நிலையம் ஒன்றை அமைத்துக் கடலிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். பெரிய கான்கிரீட் அறைக்குள் அலை ஏறும்போது காற்று மேலே தள்ளப்படும், இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழல்கிற விசிறி. கேட்க எளிது. ஆனால் அலை ஒவ்வொன்றும் ஒரு அளவு. வருகிற மின்சாரமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைச் சீர்செய்து லைனில் சேர்ப்பது பெரும் பாடு. அந்த நிலையம் இன்று ஓடவில்லை. தோற்ற முயற்சி என்று சொல்ல எனக்கு மனம் வராது. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் இதே ஏற்ற இறக்கம்தான். அதை அடக்குகிற வித்தையை ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் கற்றுக்கொண்டிருக்கின்றன. இன்று விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் வந்து, கன்டெய்னரை அடுக்கும் கிரேன்கள் மின்சாரத்தில் தாமாக நகர்கின்றன. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து அவற்றை இயக்குகிறவர்களில் அக்கம்பக்கத்துப் பெண்களும் இருக்கிறார்கள்.

நம் கல்லூரிகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் எலெக்ட்ரிக்கல் பையன்கள் நாலு வருஷம் படித்தும் ஒரு மோட்டாரைப் பிரித்துச் சுருள் கட்டியதில்லை. லேப் ரெக்கார்டை சீனியரிடம் வாங்கிப் பார்த்து எழுதுகிறார்கள், வைவாவில் நாலு கேள்விக்கு மனப்பாடம் சொல்கிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள். பிறகு வேலை இல்லை என்று படிப்பைத் திட்டுகிறார்கள். சேரும் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே இரண்டு காரியம் செய்ய வேண்டும். கணக்கை விடக்கூடாது, இந்தத் துறையில் கண்ணால் பார்க்க முடியாததைக் கணக்கால்தான் பார்க்கிறோம். லீவு நாளில் ஊரில் உள்ள நல்ல மோட்டார் வைண்டிங் கடையில் போய் உட்கார வேண்டும். சம்பளம் கேட்காமல் உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை. ஐடிஐ முடித்து இருபது வருஷம் சுருள் கட்டிய அண்ணாச்சிக்குச் சத்தத்தை வைத்தே பேரிங் போனதா, ஃபேஸ் போனதா என்று தெரியும். அதைப் பாடப்புத்தகம் சொல்லித் தராது. அவருக்கு அது ஏன் அப்படி என்று சமன்பாட்டில் காட்டத் தெரியாமல் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவரை எந்த நிறுவனமும் விடாது.

இந்தத் தொழிலின் அடித்தளம் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வீசியபோது கன்னியாகுமரி மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் ரப்பர் தோட்டத்துக்குள் கம்பங்களைச் சுமந்து நட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின. கேரள மின்வாரியமான கேஎஸ்இபி அந்த மாத முடிவுக்குள் பெரும்பாலும் அவற்றைத் திரும்பக் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் டெல்டாவை அடித்தபோது கேரளத்து மின் தொழிலாளர்கள் கிளம்பிப் போய்த் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கம்பம் நட்டார்கள். முல்லைப்பெரியாறு என்ற பெயரைக் கேட்டாலே குரல் உயர்கிற இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் இப்படியும் நடந்திருக்கிறது என்பதை இந்தப் பத்திரிகை நடத்துகிற எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

இந்த இடத்தில் எல்லா வாசகர்களுக்கும், எலெக்ட்ரிக்கல் படிக்காதவர்களுக்கும், ஒரு வேண்டுகோள். புயல் நேரத்தில் கரண்ட் போனதும் சிலர் சிறிய ஜெனரேட்டரை வாங்கி வந்து, அதன் ஒயரை வீட்டுப் பிளக்கில் செருகிவிடுகிறார்கள். மெயினை அணைக்காமல், சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இப்படிச் செய்தால் அந்த மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியே தெருவுக்குப் போகும். ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யக்கூடியது; நம் வீட்டு 230 வோல்ட் அதன் மறுபக்கத்தில் பதினோராயிரமாக ஏறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மேலே ஏறி நிற்கிற மனிதர் அதைத் தொடுவார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கிற ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திச் சரிபாருங்கள்.

வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக் கேட்டவர்களுக்காக. கேரளத்தில் கீம் நுழைவுத் தேர்வு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதை மறக்க வேண்டாம். கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மார்க் குறைந்தால் வாசல் அடைபட்டதாக அழ வேண்டியதில்லை. வட்டியூர்க்காவு சென்ட்ரல் பாலிடெக்னிக்கிலோ நாகர்கோவில் பக்கத்திலோ டிப்ளமோ முடித்து, பி.டெக். இரண்டாம் வருஷத்தில் நேரே சேரலாம். இப்போது இஸ்ரோ தலைவராக இருக்கும் வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து, மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கிப் போனவர்தான். சாக்கை ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் டிரேடு படித்து லைசென்ஸ் வாங்குகிறவருக்கு ஊரில் வேலை தேடி வரும். பி.டெக்கிற்குப் பிறகு கேட் தேர்வை நன்றாக எழுதினால் பவர் கிரிட், என்டிபிசி போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கும் உதவும், மேல்படிப்புக்கும் உதவும். கேஎஸ்இபிக்கு பிஎஸ்சி வழி, தமிழ்நாட்டு மின்வாரியத்துக்கு வேறு தேர்வு, இஸ்ரோவுக்கு இன்னொன்று. அரசுத் தேர்வுகள் எப்போது அறிவிப்பார்கள் என்று சொல்ல முடியாது; அதை மட்டும் நம்பி வருஷக்கணக்கில் சும்மா இருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தனியார் சோலார், மின்வண்டி, கட்டட மின்வேலை நிறுவனங்களில் முதல் சில வருஷம் சம்பளம் ஐடி பையனைவிடக் குறைவாகவே இருக்கும், வெயிலிலும் நிற்க வேண்டியிருக்கும். இதை மறைத்துச் சேர்த்துவிட எனக்கு விருப்பமில்லை. பத்து வருஷ அனுபவத்துக்குப் பிறகு அந்தக் கை எந்த ஊரிலும் எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்ளும்.

கடைசியாக நம் பத்திரிகை செய்ய நினைக்கும் ஒரு காரியம். மின்வாரியத்திலும் தும்பாவிலும் கெல்ட்ரானிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிளஸ் டூ, டிப்ளமோ, முதல் வருஷ பி.டெக். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச உங்களில் யாருக்கு மனம் இருக்கிறது? எழுதுங்கள். சப்ஸ்டேஷனில் முதல் நாள் எப்படி இருந்தது, எதைக் கண்டு பயந்தீர்கள், எந்தப் புத்தகம் உதவியது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். வைண்டிங் கடை நடத்துகிறவர்களையும் லைன்மேன்களையும் அதே மரியாதையோடு அழைக்கிறேன். பிள்ளைகளே, நீங்கள் கேட்க விரும்புவதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதினாலும் போதும். அசட்டுக் கேள்வியாக இருக்குமோ என்று தயங்காதீர்கள். இடமும் டீயும் நம் பொறுப்பு. பெண் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் கூடவே வந்து உட்காரலாம்.

அன்புடன்,
ஆசிரியர்